வெந்நீர்ப் பெட்டிக்கு வேப்பந்தக்கை

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
28-11-1983

பரசுராமனுக்கு அக்கா ஆதிலட்சுமி எழுதுவது.

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானத்துக்கு வருகிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரரைத்தான் உனக்குத் தெரியுமே. மல்லாட்டை மண்டி வேலையாக, கடலை விலை பேச மெட்ராஸ் போனவர், திரும்பி வரும்போது வெள்ளையாக ஒரு பெரிய பெட்டியை பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கெய்சராம். கரண்டில் வெந்நீர் போடுகிற சாமான். சரோஜாவைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவந்திருக்கிறோம், ஒன்பதாம் மாதம். குழந்தை பிறந்தால் நேரத்துக்கு நேரம் வெந்நீர் வேண்டும், விறகுப் புகை பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்கிறார். பின்கட்டில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு மூன்று அறை விட்டிருக்கிறோம் அல்லவா, அவர்களும் கார்த்திகை பிறந்ததிலிருந்து "வெந்நீர், வெந்நீர்" என்று பிடுங்கி எடுக்கிறார்கள்.

வாங்கி வந்தாரே தவிர, அதை மாட்ட இங்கே ஆள் இல்லை. வயர்மேன் காசி நல்லவன், கோயில் உற்சவத்துக்கு சீரியல் செட் போடுகிறவன். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அக்கா, லைட்டுன்னா கண்ண மூடிக்கினு போடுவேன். இது தண்ணியும் கரண்டும் ஒண்ணா கீற சமாச்சாரம். கேட்டுக்கினு செய்றதுதான் நல்லது" என்றான். ராணிப்பேட்டையில் தோல் ஆலை பாய்லரில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவன் நீ. எப்படி மாட்டுவது, எதைச் செய்யக் கூடாது என்று ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பு. அது போதும்.

மலைமேல் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. எழுதுகிற இடத்திலிருந்து தெரிகிறது.

ஆதிலட்சுமி

*

ராணிப்பேட்டை
4-12-1983

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. "அது போதும்" என்று எழுதியிருக்கிறாய். நான்கு மணி நேர பஸ் பயணம். பதினாறு வருஷம் பாய்லர் பார்த்த தம்பி. அவனை வா என்று கூப்பிடாமல், எப்படி மாட்டுவது என்று எழுதி அனுப்பச் சொல்கிறாய். இதைவிட நீ அந்த மெட்ராஸ் கடைக்காரனுக்கே எழுதியிருக்கலாம்.

நான் ஏன் வரவில்லை என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்கிறாய் என்று தெரியாது. நான் சொல்வது இதுதான். அப்பா செத்த தந்தி எனக்கு மறுநாள் சாயங்காலம் வந்தது. சாதாரணத் தந்தி. இங்கே தந்தி ஆபீஸ் கிளார்க்கைக் கேட்டேன். "மரணத் தந்தின்னு சொல்லிக் குடுத்திருந்தா மேல ஒரு குறி போடுவோம் சார். எல்லாத் தந்திக்கும் முன்னாடி போவும். அன்னிக்கே வந்திருக்குமே" என்றார். அந்த ஒரு வார்த்தையை அங்கே யாரும் சொல்லவில்லை. நான் நம் ஊர் அடி அண்ணாமலைக்கு வந்து இறங்கியபோது அப்பாவின் சாம்பல் ஆறிப்போயிருந்தது. கொள்ளி போட வேண்டியவன் நான். அதற்கு என்னையே குற்றவாளியாக்கினாய். கருமாதிப் பந்தலில் அத்தனை பேர் எதிரில், மலையைப் பார்த்துக் கையைக் கூப்பிக்கொண்டு நீ சொன்னதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. "இனிமே நாம மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கிறது ஒரு சாவுலதான்." சொன்னவள் நீ. நான் இல்லை.

இதை எழுத இரண்டு பக்கம் ஆகிவிட்டது. இது மூன்றாம் பக்கம். நீ கேட்டதை எழுதுகிறேன்.

பெட்டியில் தண்ணீர் நிரம்பினால் ஒரு ஆள் எடை இருக்கும். அரைச் செங்கல் தடுப்புச் சுவரில் மாட்டாதே, கல் சுவரில் மாட்டச் சொல். கரண்டுக்குத் தனி லைன், ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே. எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டு எர்த் கொடுத்தாச்சு என்று சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதே. குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் போட வேண்டும், வெயில் காலத்தில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்த பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பெட்டிக்கு அடியில் சின்னதாக ஒரு பித்தளை மூக்கு இருக்கும். சேஃப்டி வால்வு. சூடேறும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். அது கோளாறு இல்லை. சூடானால் தண்ணீர் பெருகும், பெருகியது வெளியே போக வழி வேண்டும். அந்த வழியை அடைத்தால் பெட்டி வெடிக்கும். அப்புறம், சூடு போதும் என்று ஆனதும் சிவப்பு விளக்கு தானாக அணைய வேண்டும். என்றைக்காவது அணையாவிட்டால் உடனே ஸ்விட்சை அணைத்துவிடு.

சரோஜாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

பரசுராமன்

*

திருவண்ணாமலை
11-12-1983

பரசுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு பக்கம் படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. மடித்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். ஒரு வெந்நீர்ப் பெட்டியைப் பற்றிக் கேட்டால், செத்துப்போன மனுஷனை எழுப்பி உட்காரவைத்து என்னோடு வழக்காடுகிறாய்.

தந்தி கொடுக்க ஓடினவன் நம் பெரியப்பா மகன் சுப்பன். நான் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். குறி போடுவது, போடாதது எல்லாம் எனக்கு என்ன தெரியும்? செத்தவர் வீட்டில் தந்தி ஆபீஸ் சட்டம் படித்துக்கொண்டா இருப்பார்கள்? இருட்டும்வரைக்கும் உனக்காகப் பிணத்தைப் போட்டுவைத்திருந்தோம். பெரியவர்கள் இனிமேல் தாங்காது என்று எடுத்தார்கள். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினவள் நான். அந்த வயிற்றெரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னது தப்பு என்று நீ இத்தனை நாளில் ஒரு முறை நேரில் வந்து என்னைத் திட்டியிருந்தால், நானும் திட்டி, அன்றைக்கே முடிந்திருக்கும். நீ வீம்புக்கு வராமல் இருந்தாய்.

உன் உபதேசம் இல்லாமலே வேலை நடந்துவிட்டது. பெட்டியோடு வந்த அட்டையில் தமிழிலும் நாலு வரி இருந்தது. காசி அதைப் பார்த்துச் செய்தான். பழைய கல் சுவரில் போல்ட் அடித்து மாட்டியிருக்கிறான். கொல்லையில் குழி தோண்டி ஒரு மூட்டை கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டிருக்கிறான். "அக்கா, உப்பு வாங்க போனா கடக்காரரு ஊறுகா போடப்போறியான்னு கேக்கறாரு" என்று சிரித்தான். ஆக, ஆள் இல்லாத வீடு இல்லை இது.

சரோஜாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. டாக்டரம்மா பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்.

ஆதிலட்சுமி

*

ராணிப்பேட்டை
16-12-1983

அக்கா,

கடிதத்தை டின்னிலிருந்து எடு. மூன்றாம் பக்கத்தைப் படி. கோபம் இருந்தால் முதல் இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அதை மட்டும் படி. காசி கரி கொட்டினான், உப்புக் கொட்டினான் என்று எழுதுகிறாய். சந்தோஷம். ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் எழுதியதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதை மறுபடியும் எழுத மாட்டேன். எழுதியதைப் படிக்காதவளுக்கு இரண்டாம் தரம் எழுதுவது எனக்கு மானக்கேடு.

வீம்புக்கு வரவில்லை என்கிறாய். மலையைப் பார்த்துச் சொன்ன சொல்லை மிதித்துக்கொண்டு வர எனக்குத் துணிச்சல் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு, "ஒரு சாவுலதான்" என்று சொல்லப்பட்டவன் எந்தக் காலை எடுத்து வைப்பது? இதை நீ யோசித்ததே இல்லை.

மூன்றாம் பக்கம். படித்துவிட்டுப் பதில் எழுது.

பரசுராமன்

*

திருவண்ணாமலை
2-1-1984

பரசுக்கு,

சரோஜாவுக்கு டிசம்பர் 20-ஆம் தேதி விடியற்காலை பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். மூக்கு அப்படியே நம் அப்பா. பார்க்கிறவர்கள் எல்லாம் "ராஜமாணிக்கமே வந்து பொறந்துட்டாரு" என்கிறார்கள். உனக்குக் கோபம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் மூன்றாம் பக்கத்தைத் தேட எனக்கு ஏது நேரம்? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தே கால் தேய்ந்தது. அந்த டின் மேல் இப்போது இரண்டு மூட்டை புழுங்கல் அரிசி உட்கார்ந்திருக்கிறது. மானக்கேடு என்று எழுதினாய் அல்லவா, அதைப் படித்த பிறகு தேடவும் தோன்றவில்லை.

கெய்சர் முதலில் படாத பாடு படுத்தியது. அடியில் ஒரு மூக்கிலிருந்து ஓயாமல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தரையெல்லாம் வழவழவென்று ஆகி, சரோஜா ஒரு நாள் வழுக்கப் பார்த்தாள். குழந்தை பிறந்த வீட்டில் இராப்பகலாகத் தண்ணீர் சொட்டினால் வீட்டு லட்சுமியே ஒழுகிப் போகிறாள் என்று எதிர்வீட்டுப் பாஞ்சாலை வேறு சொன்னாள். கிணற்றுத் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றக் கரண்ட் எப்போது வரும் என்று தவமிருக்கிறோம், இதில் இது வேறு. காசியைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னேன். "அது சொட்டணும்னு அட்டையில போட்டிருக்குது அக்கா. நான் கை வெக்கமாட்டேன்" என்று போய்விட்டான். பிறகு உன் மாமாவே வேப்பங்குச்சியைச் சீவி, துணி சுற்றி, அந்த மூக்கில் அடித்து இறுக்கிவிட்டார். ஒரு சொட்டு வருவதில்லை. தரை காய்ந்து கிடக்கிறது.

அறைக்காரர்கள் வெந்நீரைக் கொட்டி அழிக்கிறார்கள் என்று தொட்டியிலிருந்து பெட்டிக்கு வருகிற குழாயையும் மூடிவைத்திருக்கிறேன். குளிக்கிற நேரத்துக்கு மட்டும் நானே போய்த் திறப்பேன். இன்னொன்று. முன்பெல்லாம் சிவப்பு விளக்கு எரியும், அணையும். வெந்நீர் சில சமயம் கம்மியாகத்தான் சுடும். இப்போது ஒரு வாரமாக விளக்கு அணைவதே இல்லை. குழாயைத் திறந்தால் புஸ் என்று ஆவி அடித்துக்கொண்டு வருகிறது. உள்ளே கொடகொடவென்று சத்தம். மாமாவுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, சொட்டுறத நிறுத்தினதும் சூடு ஜாஸ்தியாயிடுச்சு" என்கிறார்.

காலையில் பத்து மணிக்குப் போட்டால் பதினொன்றரைக்கு சரோஜாவுக்கும் குழந்தைக்கும் குளியல். குழந்தையைக் காலில் போட்டு நான்தான் ஊற்றுகிறேன். பெட்டி நேர் தலைக்கு மேலே இருப்பதால் கையெட்டும் தூரத்தில் வெந்நீர், ரொம்ப வசதி.

நீ இல்லாமலே எல்லாம் நடக்கிறது, பார்த்துக்கொள்.

ஆதிலட்சுமி

*

ராணிப்பேட்டை
5-1-1984

அக்கா,

நேற்றே வந்து கிடந்த உன் கடிதத்தை இன்று காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தபோதுதான் பார்த்தேன். எழுந்து நின்றுகொண்டு படித்தேன். எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. தந்தி ஆபீஸுக்கு ஓடினேன்.

தந்தி கிடைத்திருக்கும். கிடைத்திருக்க வேண்டும். அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன். ஸ்விட்சை அணை. பெட்டி தானாக ஆறும்வரை யாரும் அந்த அறைக்குள் போகாதீர்கள். எந்தக் குழாயையும் திறக்காதே. ஒரு நாள் முழுக்க ஆறட்டும். சொட்டுகிற மூக்கை அடைத்திருக்கிறாய். தண்ணீர் வருகிற வழியையும் மூடியிருக்கிறாய். சூட்டை நிறுத்துகிற சாமான் கெட்டுப்போய்விட்டது, அதனால்தான் விளக்கு அணையவில்லை. மூன்றும் சேர்ந்தால் அது கெய்சர் இல்லை அக்கா, வெடிகுண்டு. அதன் நேர் கீழே குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு உட்காருகிறாய். இதைவிடச் சின்ன பெட்டி ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தவன்.

கவுன்ட்டரில் ஒரே கூட்டம். "சாதாரணத்துல போட்டா சாயங்காலம் ஆவும் சார், நாளைக்கும் போவலாம்" என்றார் கிளார்க். மணி எட்டு. நீ பத்துக்கு ஸ்விட்ச் போடுவாய். நான் சொன்னேன்: "சார், இது இப்ப போய்ச் சேரலன்னா நாளைக்கு அங்கேருந்து எனக்குச் சாவுத் தந்திதான் வரும்." அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்தார். மேலே மரணக் குறியைப் போட்டு முதலில் தட்டிவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஆரணி வழியாகப் போகிற வண்டி நின்றது. ஏறினேன். பிறகு இறங்கிவிட்டேன். நீ சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. இன்றைக்குப் போய் நான் அந்த வாசலில் நின்றால், சாவில்தான் நாம் பார்த்துக்கொள்வோம் என்பது பலித்துவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. நாற்பது வயது, பாய்லர் வேலை, மூடநம்பிக்கை என்று சிரிப்பாய். சிரி. என்னால் ஏற முடியவில்லை.

மூன்றாம் பக்கத்தை மறுபடி எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்காது. மானக்கேடு என்று எழுதினேன். அந்த வார்த்தையை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

எல்லாரும் சௌக்கியம் என்று ஒரே ஒரு வரி எழுது. திட்டியே எழுது.

பரசு

*

திருவண்ணாமலை
5-1-1984, இரவு

அடே பரசு,

நீ நன்றாக இருப்பாயா? உன்னை என்ன செய்தால் தகும்?

காலையில் பத்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். பத்தே முக்காலுக்குத் தந்திக்கார மூர்த்தி சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எப்போதும் வாசலிலிருந்தே குரல் கொடுக்கிறவர். "ஆதிலட்சுமிம்மா, மனச தேத்திக்கோங்க. சாவுத் தந்தி. ராணிப்பேட்டையிலேருந்து வந்துகீது" என்றார். ராணிப்பேட்டை என்று காதில் விழுந்ததும் நான் வேறு எதையும் கேட்கவில்லை. ராணிப்பேட்டையில் எனக்கு நீ ஒருவன்தானே இருக்கிறாய்.

காகிதத்தைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. பிரித்தாலும் இங்கிலீஷ். சரோஜாவுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் பச்சை உடம்புக்காரியிடம் தாய்மாமன் சாவை எப்படிச் சொல்வது? பாஞ்சாலை என் வாயைப் பொத்தி, கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள், சத்தம் உள்ளே கேட்கக் கூடாதென்று. "ஊட்டு ஆம்பள வந்து பிரிக்கட்டும்" என்று தந்தியை வாங்கி என் முந்தானையில் முடிந்துவைத்தாள். மாமா அவலூர்ப்பேட்டைக்கு மல்லாட்டை மூட்டை எடை பார்க்கப் போயிருந்தார். ஆள் அனுப்பினோம்.

கூடப் பிறந்தவன் செத்த சேதி வந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. உலை கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினேன். திரும்பிப் பார்த்தால் குளியலறைக் கதவு வழியாகப் பெட்டியின் சிவப்பு விளக்கு தெரிகிறது. அதுவும் அடுப்புதானே என்று தோன்றியது. ஸ்விட்சைத் தட்டி அதையும் அணைத்தேன். குழந்தைக்கு இன்று குளியல் வேண்டாம் என்றேன். கிணற்றடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மார்கழித் தண்ணீர். குளிர் தெரியவே இல்லை.

உன் மாமா இரண்டு மணிக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார். "அடியே, கெய்சர நிறுத்த சொல்றான்டி. சாகலடி அவன்" என்றார். நான் அவரை அடிக்கவே போய்விட்டேன், விளையாடுகிறார் என்று. பிறகு அரிசி மூட்டைகளை அவரே இறக்கி, டின்னில் கைவிட்டு உன் கடிதத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். பித்தளை மூக்கு என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். அந்த ஆப்பை அடித்தது அவர் கை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். காசி வந்து பார்த்தான். பெட்டியைத் தொடாமல் அறைக் கதவை வெளியே பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான். நாளை ஆறிய பிறகுதான் தருவானாம்.

உயிரோடு இருக்கிறவன் மரணக் குறி போட்டுத் தந்தி கொடுப்பானா? அந்த மூன்றே கால் மணி நேரம் நான் பட்டதை என்னால் எழுதித் தீர்க்க முடியாது. இத்தனை வருஷமாக "வா" என்று எழுதாமல் போனேனே என்று கிணற்றுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். நெற்றியில் இன்னும் வீக்கம் இருக்கிறது. நீ முதல் இரண்டு பக்கத்தில் என் குறையை எழுதி, உயிர் காக்கிற சங்கதியை மூன்றாம் பக்கத்தில் எழுதினாய். நான் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்தினேன். ஒரு அப்பனுக்குப் பிறந்தவர்கள் என்பதை வேறு எப்படிக் காட்டுவது?

கேள். நான் மலையைப் பார்த்துச் சொன்னேன், இனி நாம் பார்த்துக்கொள்வது ஒரு சாவில்தான் என்று. சரி. இன்று ஒரு சாவு ஆகிவிட்டது. மூன்றே கால் மணி நேரம் நீ செத்துக் கிடந்தாய். நான் அழுதேன், அடுப்பை அணைத்தேன், தலைமுழுகினேன். ஒரு குறையும் வைக்கவில்லை. சொன்ன சொல் தீர்ந்தது. சாயங்காலம் வாசலில் நின்று, அதே மலையைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டும் வந்தேன்.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். அந்தப் பெட்டியை மட்டும் நீ வந்து தொட்டுப் பார்த்த பிறகுதான் போடுவேன். அதுவரை குழந்தைக்கு விறகில்தான் வெந்நீர். புகையில் அவளுக்குக் கண் எரிந்தால் பாவம் உனக்குத்தான்.

இன்னும் பெயர் வைக்கவில்லை. உனக்காகத்தான் காத்திருக்கிறோம். வா.

அக்கா